வீட்டோடு ஒரு யாத்திரை

"எழுபத்தொரு வயது ஆகிறது. குளிர்காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான் எங்கள் பிள்ளை.

"வீட்டில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறோம். வீடும் எங்களோடு புறப்பட்டு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று பதில் சொன்னேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மோட்டார் வீடு என்று ஒரு வாகனம் உண்டு. முன்பக்கம் பார்த்தால் லாரி. பின்பக்கம் பார்த்தால் வீடு. எங்களுடையது இருபத்து நான்கடி நீளம். அதற்குள் கட்டில், காஸ் அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடக்கம். திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் செய்து பழகியவர்களுக்கு இது அரண்மனை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் ஆயிரக் கணக்கில் இப்படிப்பட்ட வண்டிகளில், பனி பெய்யும் வட மாகாணங்களை விட்டு, குளிர்காலத்தில் தெற்கே டெக்ஸாஸுக்கு வருகிறார்கள். நாங்களோ அந்த மாகாணத்திலேயே டல்லாஸ் நகரத்தில் வெகு காலமாகக் குடியிருப்பவர்கள். ஆகையால் எங்களுக்கு வழி பாதி மிச்சம்.

ஆனால், பிள்ளை தடுத்ததற்குக் காரணம் குளிர் அல்ல, என் கண்தான். "இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டாம்" என்று கண் வைத்தியர் சொல்லியிருந்தார். "அடுத்த வருஷம் பகலிலும் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தை மட்டும் பிள்ளையிடம் சொன்னேன். மனைவியிடம் அதையும் சொல்லவில்லை. சொன்னால் பிரயாணம் நின்றுவிடும் அல்லவா?

ஜனவரி மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம். மேற்கே ஏறக்குறைய 500 மைல் தூரத்திலுள்ள டேவிஸ் மலைப் பூங்காதான் முதலாவது தங்கல். 'பூங்கா' என்றதும் ரோஜாச் செடிகளையும் சிமெண்டு பெஞ்சுகளையும் நினைத்துவிடக் கூடாது. மலை, காடு, ஆறு, கடற்கரை ஆகியவற்றை அப்படியே காப்பாற்றிப் பொதுஜனங்களுக்காக வைத்திருக்கும் இடங்களுக்கு மாகாணப் பூங்கா என்று பெயர். டெக்ஸாஸில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்குக்கு மேல் தனியார் நிலம். பாதையின் இருபுறமும் மைல் கணக்கில் முள்வேலிதான். அந்த வேலிகளுக்கு நடுவே, சாதாரண மனிதன் 'இது என் நிலம்' என்று இறங்கி நடக்கக்கூடிய இடங்களைச் சேர்ந்தவை, எண்பதுக்கு மேற்பட்ட இந்தப் பூங்காக்கள். இரவுக்கு இருபது முப்பது டாலர் கொடுத்தால் வண்டி நிறுத்த இடமும், குடிதண்ணீர்க் குழாயும், மின்சார இணைப்பும் கிடைக்கின்றன.

டேவிஸ் மலைப் பூங்காவில் வெள்ளை வெளேரென்று ஒரு விடுதி இருக்கிறது. சுட்டெடுக்காத மண் கற்களால் கட்டிய சுவர்கள். கனம் 18 அங்குலம். அதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? வேலை இல்லாமல் தெருவில் நின்ற வாலிபர்கள். 1933-ம் வருஷத்தில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவர்களைத் திரட்டி 'குடிமக்கள் பாதுகாப்புப் படை' என்று ஒன்றை அமைத்தார். ஆயுதம் மண்வெட்டி; சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குப் போய்விடும். 1942-ல் அந்தப் படை கலைக்கப்படுவதற்குள் சுமார் முப்பது லட்சம் பேர் அதில் சேர்ந்து, தேசமெங்கும் மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள், பூங்காக்களை நிர்மாணித்தார்கள்.

சொல்லாமல் விடக்கூடாத விஷயம் ஒன்றும் உண்டு. அந்தப் படையில் நீக்ரோ வாலிபர்களுக்குத் தனி முகாம். தென் மாகாணங்களில் பல பூங்காக்களுக்குள் அவர்கள் இனத்தார் வெகு காலம் காலெடுத்து வைக்க முடியவில்லை. 1964-ம் வருஷத்துக் குடி உரிமைச் சட்டம் வந்துதான் அந்த அநியாயத்துக்குச் சட்டப்படி முடிவு கட்டியது. இதைப் படித்தபோது எனக்கு 1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் நடந்த ஆலயப் பிரவேசம் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லிக்கொண்டே சிலரை வெளியே நிறுத்தும் வித்தையில் எந்தத் தேசமும் எந்தத் தேசத்துக்கும் இளைத்ததில்லை போலும்!

அன்றிரவு உறைபனி. குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ரப்பர்க் குழலைப் படுக்கப் போகும் முன் கழற்றி வைக்க வேண்டும் என்பது இந்த வாழ்க்கையின் பாலபாடம். நான் மறந்துவிட்டேன். காலையில் அது உலக்கை மாதிரி விறைத்துக் கிடந்தது. இனி காப்பிக்கு என்ன செய்வது என்று நான் விழித்தபோது, மனைவி அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டிருந்தாள். முதல் நாள் மாலையே ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாளாம்.

"சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"சொன்னேன். நீங்கள் நட்சத்திரம் பார்த்துக் கொண்டிருந்தீர்கள்" என்றாள்.

அங்கிருந்து சுமார் முப்பது மைலில் பால்மோரியா. பாலைவனத்தின் நடுவே ஸான் ஸாலமன் என்ற ஊற்று தினம் ஒரு கோடி காலனுக்கு மேல் தண்ணீரைக் கொட்டுகிறது. அதைச் சுற்றி அந்த வாலிபர்கள் கட்டிய குளத்தில், மாரியோ கோடையோ, எப்போதும் 72 முதல் 76 டிகிரி வெப்பந்தான். வெளியே குளிர்காற்று வீச, நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். மனைவி படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். சிறு மீன்கள் வந்து அவள் விரல்களைத் தொட்டுப் போயின. "தாமிரபரணிப் படித்துறை மாதிரி இருக்கிறது" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அதனால் புறப்பட மூன்று மணி நேரம் தாமதமாயிற்று.

அந்த மூன்று மணி நேரத்தின் விலையை அன்று மாலை கொடுத்தோம். அடுத்த தங்கல் ஃபிரியோ ஆற்றங்கரையிலுள்ள கார்னர் பூங்கா. இன்னும் பதினைந்து மைல் இருக்கும்போது இருட்டிவிட்டது. எதிரே வந்த விளக்கு ஒவ்வொன்றும் பெரிய ஒளி வட்டமாக விரிந்தது. பாதை நடுவிலிருந்த ஒற்றைக் கோடு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. திடீரென்று நாலைந்து மான்கள்! காலால் பிரேக்கை மிதித்த மிதியில் அலமாரி திறந்து பாத்திரங்களெல்லாம் உருண்டன. மான்கள் பிழைத்தன, நாங்களும் பிழைத்தோம்.

"ஓரமாக நிறுத்துங்கள்" என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை.

"உன்னால் இதை ஓட்ட முடியாது" என்றேன்.

"நாற்பது வருஷம் கார் ஓட்டி வேலைக்குப் போயிருக்கிறேன். இது கொஞ்சம் பெரிய கார்" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பதினைந்து மைலுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பூங்காவில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்த பிறகுதான் கேட்டாள்: "வைத்தியர் உண்மையில் என்ன சொன்னார்?"

சொன்னேன், இரண்டு வாக்கியங்களையும்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் கண் உங்களுடையது. ஆனால் இந்த வண்டியில் என் உயிரும் இருந்ததே! என்னைக் கேட்காமல் அதை எப்படி எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்றாள்.

கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது நியாயம். நியாயத்துக்கு என்ன சமாதானம் சொல்வது?

மறுநாள் முதல் பகலில் மட்டும் பிரயாணம், ஓட்டுபவள் அவள். கடற்கரையிலுள்ள கூஸ் தீவுப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் ஓக் மரம் ஒன்று, 35 அடிச் சுற்றளவோடு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 2017-ம் வருஷத்து ஹார்வி புயலையும் பார்த்துவிட்டு நிற்கிறது. அதன் அருகே வயல் வெளியில், ஆள் உயரத்தில் வெள்ளைப் பெருங்கொக்குகள் இரண்டும் அவற்றின் குஞ்சு ஒன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. கானடாவிலிருந்து 2,500 மைல் பறந்து, குளிர்காலத்துக்கு இங்கே வரும் ஹூப்பிங் கிரேன் என்னும் ஜாதி அது. 1941-ல் இந்தக் கூட்டத்தில் மிஞ்சியவை பதினைந்து பதினாறு பறவைகளே. அவற்றின் சதுப்பு நிலத்தைச் சர்க்கார் காத்தது. ஜனங்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

திரும்பும் வழியில் மதர் நெஃப் பூங்காவில் ஓர் இரவு தங்கினோம். இஸபெல்லா நெஃப் என்ற அம்மாள் தம் உயிலில் ஆறு ஏக்கர் நிலத்தை ஊராருக்கென்று எழுதி வைத்தார். கவர்னராயிருந்த அவருடைய பிள்ளை பாட் நெஃப், 1923-ல் மாகாணப் பூங்காக் குழு ஏற்படக் காரணமாயிருந்தார். பிற்பாடு அந்த ஆறு ஏக்கரோடு இன்னும் நிலத்தைச் சேர்த்துக் கொடுத்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023-ல், டெக்ஸாஸ் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, புதிய பூங்காக்களுக்காக நூறு கோடி டாலர் ஒதுக்கச் சம்மதித்தார்கள். முள்வேலி போடுவதில் மகா கெட்டிக்காரர்களான ஜனங்கள், வேலி இல்லாத நிலத்துக்காகத் தங்கள் வரிப் பணத்தைக் கொடுத்தார்கள்!

அன்றிரவு பிள்ளைக்கு நானே டெலிபோன் செய்தேன். வைத்தியர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "அப்படியானால் வண்டியை விற்றுவிடலாமா?" என்று கேட்டான்.

"என்னைக் கேட்காதே. வண்டி எங்கள் இருவருக்கும் சொந்தம். அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்றேன்.

மனைவி டெலிபோனை வாங்கி, "அடுத்த வருஷமும் போகிறோம். தினம் நூற்றைம்பது மைல், பொழுது சாய்வதற்குள் தங்கல், நான் ஓட்டுகிறேன். எனக்கு முடியாமல் போனால் நீ வந்து ஓட்டு. உன்னாலும் முடியாவிட்டால் விற்றுக்கொள்" என்று தீர்மானமாகச் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்து, "ரப்பர்க் குழலைக் கழற்றியாயிற்றா?" என்று கேட்டாள்.

கழற்றியாயிற்று. ஒரு குடம் தண்ணீரும் பிடித்து வைத்திருந்தேன்.