இன்ஜினை இறக்கிய பிறகு

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் இன்ஜின்களைக் கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். ஆயில் வழிந்த தடமும் அறுத்த ஒயர்களுமாகக் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும், ‘‘ஓடின இன்ஜின் சார், அப்படியே தூக்கி மாட்டலாம்’’ என்ற வாய்மொழி உத்தரவாதம் உண்டு. அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, பக்கத்துச் சந்தில் சிலிண்டர் கடைந்து தரும் போரிங் பட்டறைக்குப் போயிருந்தேன்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர் தன் மாருதி 800இன் பிளாக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வண்டி நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. புதிதாக கிளட்ச் மிதிக்கக் கற்பவர்களிடம் சிக்கிய இன்ஜின் இத்தனை காலம் தாங்கியதே பெரிது. அவருடைய மெக்கானிக் கம்ப்ரஷன் பார்த்திருக்கிறார். அழுத்தம் குறைவு. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் முள் ஏறியிருக்கிறது. அப்படி ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கும்; ஏறாவிட்டால் வால்வு பக்கம் தேட வேண்டும்.

‘‘பாய், பேசாம ஒரு பழைய இன்ஜின் வாங்கி மாட்டிடவா?’’

‘‘மொதல்ல அளந்து பாப்போம்ணே. அப்புறம் பேசலாம்.’’

பட்டறைக்காரர் பாய் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்தார். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படி, நகத்துக்குத் தெரிந்தது. மேல் ரிங் ஏறித் திரும்பும் இடத்தில் சூடு அதிகம், ஆயில் குறைவு. அதனால் அங்கேதான் தேய்மானம் கூடுதல். அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் மேடாக நின்றுவிடுகிறது.

அடுத்து போர் கேஜ். மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, பிளாக்கின் பக்கவாட்டிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். புதிதில் 68.5 மி.மீ. வட்டமாக இருந்த சிலிண்டர் இப்போது மேலே அகன்று, முட்டை வடிவமாகக் கோணியிருந்தது. நடுச் சிலிண்டர்தான் ரொம்ப மோசம்.

‘‘கால் மில்லில நிக்காதுண்ணே. அரை மில்லிக்குப் போகணும். மூணையும் ஒரே சைஸ்ல அடிச்சிடலாம்.’’

0.50 மி.மீ. பெரிய பிஸ்டனை வாங்கி வந்தால்தான் பிளாக்கை மெஷினில் ஏற்றுவாராம். பெட்டியில் அச்சிட்ட அளவை அவர் நம்புவதில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, அதற்குத் தக்க இடைவெளி விட்டுத்தான் சிலிண்டரைக் கடைகிறார். டூல் சுற்றிக்கொண்டே இறங்கும்போது வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வருவதில்லை, கரித்தூளாக உதிர்கிறது. அவருடைய விரல் ரேகையெல்லாம் அந்தக் கருப்புதான். கடைசியாக ஹோனிங் கல்லை விட்டுக் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் போடுகிறார். ஆயில் தங்க அந்தக் கோடுகள் வேண்டும். கூலி சிலிண்டர் கணக்கு. ஆனால் பிளாக்கைச் சரியாகக் கழுவாமல் மெக்கானிக் பூட்டி, இன்ஜின் ஜாம் ஆனாலும் பழி போரிங் போட்டவர் தலையில்தான் விழுமாம்.

என் கட்சி இதுதான்: பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க்கைக் கிரைண்ட் பண்ண இன்னும் இடமிருக்கிறது, பிஸ்டன் கடையில் கிடைக்கிறது என்றால் சொந்த இன்ஜினையே வேலை பார்த்துக்கொள்வது நல்லது. அதன் நோய் என்னவென்று அளந்தாகிவிட்டது. வாசலில் அடுக்கியிருக்கும் இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியாது. அது ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் வேறெங்கோ கிடக்கிறது. போதாததற்கு, ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைப் பிளந்துவிட்டதென்றால் பேச்சுக்கு இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். சில புதிய மாடல்களின் அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் சுவருக்கு மெல்லிய பூச்சுதான் இருக்கும்; அதைச் சாதாரணப் பட்டறையில் கடைய முடியாது. அப்போதும் கம்பெனி தரும் ஹாஃப் இன்ஜின் (பிஸ்டன், கிராங்க் பூட்டிய பிளாக்) கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் பழையதைத் தேட வேண்டும்.

மெக்கானிக் ‘‘இன்ஜின் போச்சு சார்’’ என்றால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சிலிண்டர், கிராங்க் இரண்டின் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பிளாக்கை ஆட்டோவில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.