இரட்டைப் புகைக்குழாய்

தமிழ் பயிற்றுவிப்போர் விரல்களில் சுண்ணக்கட்டித் தூள் படிவது இயல்பு. 2023-ஆம் ஆண்டு விடுமுறையில் எம் விரல்களில் படிந்திருந்தவை துருவும் கரியும். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடக்கே வாழும் எம் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அருவிகளையும் அருங்காட்சியகங்களையும் காட்டுவான் என்றே எண்ணியிருந்தோம். சென்றிறங்கிய மறுநாளே அவன் கொட்டகைக் கதவை உயர்த்திக் காட்டியது 1972-ஆம் ஆண்டின் ஷெவர்லே சி10 பிக்கப் வண்டி ஒன்றை. எம்மைவிட மூத்த வண்டி. பச்சை வண்ணம் பாதி உதிர்ந்திருந்தது. பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னே, ஓட்டுநர் அறைக்குள்ளேயே அமைந்திருந்தது. இப்படியும் ஒரு கட்டுமானமா என்று வியந்தோம். அக்காலத்தில் அவ்வாறுதான் செய்தனராம். அடுத்த ஆண்டு வெளிவந்த புதிய வடிவில்தான் தொட்டி வெளியே சென்றதாம்.

"இதுக்கு ரெட்டை சைலென்சர் போடணும்ண்ணா. நீ இருக்கும்போதே போட்டுரலாம்னு வச்சிருந்தேன்" என்றான்.

இவ்வண்டியின் இயந்திரத்தில் எட்டு உருளைகள். இடப்புறம் நான்கு, வலப்புறம் நான்கு என இரு வரிசையாய், ஆங்கில 'வி' எழுத்தைப் போல் சாய்ந்து நிற்பவை. கொள்ளளவு 350 கன அங்குலம், நம் கணக்கில் 5.7 லிட்டர். இருபுறத்துப் புகையையும் அடியில் ஓரிடத்தில் கூட்டி, ஒற்றைக் குழாய் வழியே பின்னே அனுப்புவது பழைய ஏற்பாடு. அதனை நீக்கி, பக்கத்திற்கொரு குழாயும் பக்கத்திற்கொரு சைலென்சருமாகப் பின்சக்கரத்திற்கு அப்பால் வரை கொண்டு செல்வதே அவன் திட்டம். இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர அங்குலம். இரண்டேகால் அங்குலக் குழாய்கள் இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ எட்டு. இயந்திரம் மூச்சு விடுவது எளிதாகும். எனினும் வேறு மாற்றம் ஏதும் செய்யாத பழைய இயந்திரத்தில் இதனால் கூடும் ஆற்றல் சொற்பமே. அவனும் அதை மறைக்கவில்லை. "சத்தத்துக்குத்தான்" என்றான்.

சட்டம் என்ன சொல்லும் என்று வினவினோம், ஆசிரியர் புத்தி. நச்சுப்புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலம் அந்நாட்டில் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தே இடம்பெறத் தொடங்கியது. அதற்கு முந்தைய இவ்வண்டியில் அஃது இல்லை. எனவே கழற்றி எறிந்தோம் என்ற பழியும் இல்லை. பிந்தைய வண்டிகளில் அதனை நீக்குதல் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம் தந்தையார் திருச்செங்கோட்டில் லேலண்ட் லாரி ஒன்றை வைத்து, தாமே ஓட்டி, மக்கள் இருவரையும் படிக்க வைத்தவர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். வானூர்திப் போக்குவரத்து முடங்கிக் கிடந்த காலம். தம்பியின் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. தூதரகங்களில் வழக்கமான விசாப் பணிகள் நின்றிருந்தன. எப்பாடுபட்டேனும் வந்திருப்பின் திரும்பியிருக்க இயலாது. இவையெல்லாம் யாம் அறிந்தவையே. அறிந்திருந்தும், கொள்ளி வைத்துத் திரும்பிய அன்றிரவு தொலைபேசியில், "உனக்கு வேலைதான் பெருசு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் மூன்றாண்டுகள் அன்னையின் மாத்திரைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். பயணச்சீட்டு அனுப்பி எம்மை அழைத்தவன் அவனே.

வேலைக்கு வருவோம். மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவுவர். வண்டியின் அடிவயிற்றை அவ்வுப்பு தின்றுவிடும். துருவை இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் மாலையும் தெளித்து ஊறவிட்ட பின்னரே ஸ்பானரைக் கையில் எடுத்தோம். ஜாக்கியால் தூக்கிய வண்டியை இரும்புத் தாங்கிகள் நான்கின்மேல் இருத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் ஆகாது என்பது தந்தையார் இட்ட விதி. பழைய குழாயை அறுத்தெடுப்பது எளிதாகவே முடிந்தது. இயந்திரத்தோடு குழாய் சேரும் விளிம்பில் பக்கத்திற்கு மூன்று ஸ்டட்டுகள். வலப்புறத்து மூன்றும் வந்தன. இடப்புறத்தில் இரண்டு வந்தன. மூன்றாவது, நட்டோடு தலை முறிந்து எம் கையில் வந்தது.

முறித்தது யாமே. தம்பி "விடு" என்றான். பிறகு வெகுநேரம் இருவரும் முறிந்த அந்தத் துண்டையே பார்த்தவாறு சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தோம். அப்போதுதான் சொன்னான்: "அன்னிக்கு நீ போன வச்சதுக்கப்புறம் காரை எடுத்துட்டு ஃபிளின்ட் பக்கம் போயிட்டேன். ஹைவேல லாரிங்க ராத்திரி நிறுத்துற எடம் ஒண்ணு இருக்கு. இஞ்சினை நிறுத்தாமயே தூங்குவாங்க. விடியற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

முப்பது மாணவர் முன் மணிக்கணக்கில் பேசும் நாவு அப்போது எழவில்லை. நெடுநேரங்கழித்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றோம். "லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுண்ணா" என்றான்.

முறிந்த ஸ்டட்டை எடுத்துக் கொடுத்தவர் அடுத்த வீட்டு முதியவர். வண்டித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். முறிந்த முனையில் புதிய நட்டு ஒன்றைப் பற்றவைத்தார். அந்த வெப்பத்தில் துரு நெகிழ, ஸ்பானரால் மெல்லத் திருகியெடுத்தார். பத்து நிமிடம், கூலி ஒரு குவளைக் காப்பி. எம் இல்லத்துக் காப்பி அவருக்குச் சர்க்கரைப் பாகாய்த் தோன்றியிருக்கும்.

புதிய குழாய்களைப் பொருத்துவதில்தான் நாள்கள் கரைந்தன. பின் அச்சின் மேலாக வளைந்து செல்லவேண்டிய குழாய், சுமை ஏறி வண்டி தாழும்போது அச்சில் இடிக்கலாகாது. பிரேக் எண்ணெய்க் குழாயை நெருங்கினால் சூடேற்றிக் கெடுக்கும். முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீளாவிடின் புகை அறைக்குள் புகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற கூற்றுவன். இத்தனைக்கும் இடம் விட்டு, கிளாம்புகளைத் தளர்வாக மாட்டி, முழுதும் நேர்ப்பட்ட பிறகே முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். யாம் முதல்நாள் ஒவ்வொன்றையும் மாட்டிய கையோடு இறுக்கிவிட, அத்தனையும் கழற்ற நேர்ந்தது.

இடையில் ஒரு வழக்கு எழுந்தது. இரு குழாய்களையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைப்பதா, வேண்டாவா? இங்கே தமிழாசிரியர்க்கும் வேலையிருந்தது. இவ்வியந்திரத்தில் உருளைகள் வெடிக்கும் முறை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். எட்டும் ஒரே குழாயில் சேர்ந்தால், 90 பாகைக்கு ஒன்றாய் ஒழுங்காக வரும் துடிப்புகள். பிரித்துவிட்டாலோ இடக்குழாயில் 1, 3, 5, 7 ஆகியவற்றின் இடைவெளிகள் 270, 180, 90, 180 என்று ஆகின்றன. ஒரு சீர் நீண்டு, ஒன்று அளவாய் நின்று, அடுத்தது முடுகி ஓடி, மீண்டும் அளவுக்கு வரும். 'வி-எட்டின்' கனைப்பு என்று அந்நாட்டார் போற்றும் ஓசை இத்தளை பிறழ்வுதான்! தாளில் கோடிட்டு இதனைக் கண்டறிந்தபோது அடைந்த களிப்பு, யாப்பு வகுப்பில் ஒருநாளும் எமக்கு வாய்த்ததில்லை. குறுக்குக் குழாய் இருபுறத்து அழுத்தத்தையும் சமன்செய்து இப்பிறழ்வைச் சற்றே தணிக்கும். வேண்டா என்பது எம் கட்சி. வேண்டும் என்றான் தம்பி; அண்டை வீட்டார் உறங்க வேண்டுமே. அவன் கட்சியே வென்றது.

பன்னிரண்டாம் நாள் மாலை ஏழரைக்கு வண்டியைக் கிளப்பினான். புதுக்குழாய்மேல் இருந்த எண்ணெய்ப்பசை எரிந்து நீலப்புகை எழுந்தது. உறுமல் நெஞ்செலும்பில் கேட்டது. திருச்செங்கோட்டில் அப்போது விடியற்காலை ஐந்து, அன்னை எழுந்திருப்பார். தம்பி கைப்பேசியைப் பின்குழாயருகே பிடித்து, "அம்மா, அப்பா வண்டி மாதிரி இருக்குதா?" என்று உரக்க வினவினான்.

அவன் மூன்றாண்டாய்த் தேடியது இதைத்தான் என்று அந்நொடியே விளங்கிற்று. கிடைக்காது என்பதும் விளங்கிற்று. தந்தையாரின் லாரி ஒரே வரிசையில் ஆறு உருளை கொண்ட டீசல் வண்டி. சீர் பிறழாமல் 120 பாகைக்கு ஒன்றாய்த் துடித்து, தொப்பூர்க் கணவாயில் ஏறும்.

"இல்லீங் கண்ணு. அது வேற" என்றார் அன்னை. சற்றே கேட்டிருந்துவிட்டு, "எங்கியோ காத்து ஒழுகுதாட்ட இருக்குது பாரு. டிக்கு டிக்குன்னு கேக்குது. அப்பா வண்டியில இப்படிக் கேட்டா முன்னாடி நட்டு லூசுன்னு சொல்லுவாரு" என்றார்.

வண்டியை நிறுத்தினோம். சூடு தணியும்வரை காத்திருந்து, விளக்கோடு மீண்டும் அடியில் புகுந்தோம். இடப்புற விளிம்பில், புதிதாய் மாட்டிய மூன்றாம் ஸ்டட்டின் அருகே, மை தீற்றினாற்போல் ஒரு கரிக்கோடு. தம்பி கையை நீட்டினான். ஒன்பது பதினாறாம் அளவு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தோம்.