மினுக்கும் வழவழப்பும்

6205 பேரிங்கின் உள்துளை 25 மில்லிமீட்டர். கோவையில் மோட்டார் ஷாஃப்ட் கடைந்து பழகிய பலருக்கு இந்த அளவு தூக்கத்திலும் மறக்காது. அதில் இறுக்கமாக உட்கார வேண்டிய ஷாஃப்ட், கே6 ஃபிட் என்றால், 25-க்கு மேல் 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை இருக்கலாம். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நான் வேலை பழகிய கணபதிப் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் கிடையாது. லேத்திலேயே முடித்தாக வேண்டும். அங்கிருந்த மூத்த டர்னர் அளவு சரியாக வந்த ஷாஃப்ட்டையும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டைவிரல் நகத்தை அதன் நீளவாக்கில் மெல்ல இழுப்பார். நகம் தடுக்கினால், "பேரிங்குக்கு ஆகாது கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மைக்ரோமீட்டர் பரப்பிலுள்ள மேடுகளின் உச்சியைத்தான் அளக்கிறது. பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது அந்த உச்சிகள் நசுங்கிப் போகும். அளவில் இறுக்கமாக இருந்தது ஓட்டத்தில் தளர்ந்துவிடும். வழவழப்பும் அளவோடு சேர்ந்ததுதான்.

நகத்தைத் தடுக்கும் கோடுகள் வெட்டும் பிட் நடந்துபோன தடம். பிட்டின் முனை வளைவு 0.8 மி.மீ., ஃபீட், அதாவது பிட் நகரும் தூரம், ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் கணக்குப்படி 6 மைக்ரானுக்குச் சற்று மேல். ஃபீட்டை 0.1 ஆக்கினால் அது 1.5 மைக்ரான் அளவுக்கு இறங்கும். ஃபீட் பாதியானால் மேடு கால்வாசியாகிறது. இந்தச் சூத்திரத்தைப் பட்டறையில் யாரும் எழுதிக் காட்டியதில்லை. லீவரை மாற்றிப் போட்டுவிட்டு, "இப்பப் பாரு" என்பார்கள், அவ்வளவுதான்.

பிட் என்றதும் சாணைக்கல்லின் பொறி நினைவுக்கு வருகிறது. எச்எஸ்எஸ் பிட்டைச் சாணையில் பிடித்ததோடு அந்த மூத்த டர்னர் விடமாட்டார். எண்ணெய்க்கல்லில் முனையை நாலு இழுப்பு இழுத்து, சாணையின் கீறல் போன பிறகே டூல் போஸ்ட்டில் ஏற்றுவார். முனையில் இருக்கும் கீறல் அப்படியே கடையும் ஜாப்பில் இறங்கும். பிட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிரும்; அதனால் எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டை. கடைசிக் கட்டுக்கு 0.2, 0.3 மி.மீ. மிச்சம் வைப்பார். அதற்கும் கீழே போனால் மழுங்கின பிட் வெட்டாது, தேய்க்கும்.

வேகமும் அப்படித்தான். மைல்டு ஸ்டீலை மிக மெதுவாகக் கடைந்தால் உலோகம் பிட் முனையிலேயே அப்பிக்கொண்டு, பிய்ந்து பிய்ந்து ஜாப்பைக் கிழிக்கும். எச்எஸ்எஸ் பிட்டுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால், 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்குச் சுமார் 380 சுற்று. வார்ப்பிரும்பு வேறு குணம். அது தூளாக உதிரும். கூலன்ட் விட்டால் சேறாகி லேத் பெட்டில் படியும், அதனால் காய்ந்தே கடைவோம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். பித்தளைக்குப் பிட்டின் மேல்முகம் சரிவில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. அந்த மோட்டாருக்கும் யாரோ ஒரு டர்னர் ஷாஃப்ட் கடைந்திருப்பார். பெயர் தெரியாத அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஷாஃப்ட்டை வெட்டி முடித்த சூட்டோடு அளக்கவும் எங்கள் மூத்த டர்னர் விடமாட்டார். 25 மி.மீ. எஃகு 40 டிகிரி கூடுதல் சூட்டில் 11 மைக்ரானுக்கு மேல் பருத்திருக்கும். கே6 ஃபிட்டுக்குக் கிடைக்கிற இடமே 13 மைக்ரான். சூட்டில் சரியென்று இறக்கிய ஷாஃப்ட், ஆறியதும் பேரிங்கில் ஆடும். கூலன்டை ஓடவிட்டு, கையால் தொட்டு, சூடு அடங்கிய பிறகே மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறப்பார்.

எமரி பேப்பர் இதற்கெல்லாம் கடைசி. 220, 400, 600 என்று ஏறும்போது, முந்தைய தாளின் கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். அதற்கு முன் பெட்டின் மேல் பழைய காகிதம் விரிக்க வேண்டும். உதிரும் எமரித்தூள் லேத்தின் தடத்தையே தின்றுவிடும். தாளை விரலில் சுற்றவே கூடாது. சிக்கினால் விரலோடு இழுக்கும். நீளமாகக் கிழித்து இரண்டு முனையையும் கையில் லேசாகப் பிடித்தால், இழுத்தாலும் தாள்தான் போகும். கையுறைக்கு லேத் பக்கம் இடமே இல்லை.

ஆழமான ஃபீட் கோட்டை எமரியால் தேய்த்தால் மேடு மழுங்கி மினுக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். கோடு போகும்வரை தேய்த்தாலோ ஷாஃப்ட் ஒரு பக்கம் ஒடுங்கி அளவு கெடும். இப்போது சிஎன்சியில் ஃபீட்டை எண்ணாக அடிக்கிறார்கள். அங்கேயும் மழுங்கின இன்செர்ட் மழுங்கின வேலையைத்தான் தரும். பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எமரிக்குக் கை போகும் முன் பிட்டைக் கழற்றிப் பார், மறுபடி தீட்டு, இன்னொரு கட் ஓட்டு.