எது காத்திருக்கும்?

இலக்குகளைப் பட்டியலிடுவது எளிது. புதிய நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் பத்து வரிகள் எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்ததாகவே மனம் நம்பத் தொடங்கிவிடும். அந்தப் பத்தில் எது காத்திருக்கும், எது கைவிடப்படும் என்று எழுதுவதுதான் கடினம். பெரும்பாலான நாட்குறிப்புகளில் அந்த இரண்டாம் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு இது தத்துவக் கேள்வி அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுதியாக 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். உதவித்தொகையோ 5 ஆண்டுகளோடு நின்றுவிடும். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் அடிப்படைத் தொகை. அதை நம்பி ஊரில் ஒரு வீட்டுக் கடனோ தம்பியின் கல்லூரிக் கட்டணமோ இருக்கும். ஆய்வேடு, கட்டுரைகள், வேலைக்கான தேர்வு, பெற்றோரின் உடல்நலம், திருமணம் என எல்லாமே முதன்மை என்று எழுதிக்கொள்பவருக்கு ஐந்தாம் ஆண்டின் இறுதியில் எதுவும் கைக்கு வந்திருக்காது.

இத்தகைய நெருக்கடியை ஒருவர் கையாண்ட விதத்துக்குக் கல்கத்தாவில் ஒரு சான்று உண்டு. 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்த சி. வி. இராமன், நிதித்துறைத் தேர்வில் வென்று கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றார். அறிவியலைத் தொழிலாகக் கொள்ள அக்காலத்தில் வழி அரிது. குடும்பத்திற்கு வருமானம் வேண்டும். ஆகவே வேலையை முதலில் வைத்தார். ஆய்வுக்கு எஞ்சிய நேரத்தைக் கறாராக ஒதுக்கினார். விடியற்காலையில் பௌபஜாரிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலான இடைவெளியைத் தவிர, ஏறக்குறைய பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன.

இதில் கவனிக்க வேண்டியது உழைப்பை மட்டும் அன்று. கம்பிகளின் அதிர்வு, நரம்பிசைக் கருவிகளின் ஒலி முதலிய சிக்கல்களையே அந்த ஆண்டுகளில் அவர் பெரிதும் எடுத்துக்கொண்டார். எளிய கருவிகளைக் கொண்டு, அலுவலகம் விட்டுவைத்த மணிகளுக்குள் செய்யத்தக்க ஆய்வுகள் அவை. கிடைக்கும் நேரத்தின் அளவுக்குக் கேள்வியை வெட்டிக்கொண்டார். பின்னர் அசுதோஷ் முகர்ஜி பாலித் பேராசிரியர் பதவியை அளிக்க முன்வந்தபோது, ஊதியம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று தெரிந்தே 1917இல் அரசுப் பணியை விட்டார். அப்பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்தார், அது தளர்த்தப்பட்டது. ஆக, வரிசை ஒருமுறை எழுதி மூடி வைப்பதன்று. 1907இல் இரண்டாவதாக இருந்தது 1917இல் முதலாவதாயிற்று. 1928 பிப்ரவரி 28இல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு அதன் பின்னரே வந்தது.

இக்கதையை இத்தோடு நிறுத்துவது வழக்கம். ஆனால் விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பும் ஒருவருக்கு வீடு தடையின்றி நடந்தது என்றால், அதை நடத்திய ஒருவர் இருந்தார். அவர் லோகசுந்தரி. ஒருவரின் முதல் இலக்கு பெரும்பாலும் இன்னொருவரின் நேரத்தின் மேல்தான் நிற்கிறது. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்ட கமலா பாக்வத்துக்கு, அப்போது இயக்குநராயிருந்த இராமனே பெண் என்ற காரணத்தால் இடம் மறுத்தார். அவர் விடாமல் வாதாடிய பின், முதலாண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையுடன் சேர்த்துக்கொண்டார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். தம் இலக்குகளை வரிசைப்படுத்தும் முன்பே, வரிசைப்படுத்தும் உரிமைக்காக அவர் போராட வேண்டியிருந்தது.

இன்றைய விதிகள் பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகளையும், மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பையும் தருகின்றன. விதி தருவதை வீடும் துறையும் தருகின்றனவா என்பது வேறு. திருமணப் பேச்சு தொடங்கியதும் ஆய்வேடு தானாகவே இரண்டாமிடத்துக்கு நகர்ந்துவிடும் வீடுகள் இன்னும் பல. அங்கே வரிசையை மாற்றியவர் அந்த மாணவி அல்லர்.

ஆகவே இலக்குகளை எழுத உட்காருபவர் மூன்று கேள்விகளை உடன் எழுதிக்கொள்வது நல்லது. இந்த ஆண்டு எது காத்திருக்கும்? கிடைக்கும் மணிகளுக்குள் அடங்குமாறு முதல் இலக்கை எவ்வளவு சிறிதாக்கலாம்? இதன் சுமையை யார் தாங்குகிறார், அவரிடம் கேட்டாயிற்றா? முதலிரண்டுக்கும் விடை தனியே உட்கார்ந்தால் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும். அதைத் தள்ளிப்போடாமல் இருப்பதே வரிசையின் முதல் வேலை.