அவன் ஏன் தாயிடம் சொல்லவில்லை?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காராத வீடு நம்மில் எத்தனை? என் தாயாருக்கு எண்பது வயதாகிறது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் போலீஸ் கதை என்றால் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். என் மகன் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். கொலைகாரன் யார் என்று அம்மா பாதியிலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அப்படி ஒரு நாள் மகன் போட்ட கதை, ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர். 2005-இல் தொடங்கியது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சிலர், குற்றவாளியின் மனம் எப்படி வேலை செய்யும் என்று கணித்துப் பிடிப்பதுதான் கதை. நாங்கள் பார்த்தது 2006 டிசம்பரில் அங்கே ஒளிபரப்பான ஒரு பாகம். அதில் டெரெக் மோர்கன் என்று ஓர் அதிகாரி வருகிறார். ஷெமார் மூர் என்பவர் நடித்திருக்கிறார். நல்ல வாட்டசாட்டமான ஆள். கதவை உதைத்துத் திறப்பதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “இவன் நம்ம எம்.ஜி.ஆர். மாதிரி” என்று அம்மா சான்றிதழ் கொடுத்திருந்தார்.

அந்த மோர்கன், தாயையும் சகோதரிகளையும் பார்க்கச் சொந்த ஊரான சிகாகோவுக்குப் போகிறான். போன இடத்தில் அவனையே கைது செய்கிறார்கள். குற்றம், சிறுவர்களைக் கொன்றது. சிறுவயதில் அவன் ஓர் அநாதைப் பையனின் பிணத்தைக் கண்டெடுத்து, அக்கம்பக்கத்தில் காசு திரட்டிக் கல்லறை எழுப்பியிருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் நிற்பான். அந்த நல்ல காரியமே அவன் மேல் சந்தேகமாகிறது. அவனைக் காப்பாற்ற வந்த நண்பர்கள் அவனுடைய பழைய வாழ்க்கையைக் கிண்டுகிறார்கள். அவனுக்கோ கோபம் பொங்குகிறது. “சும்மா இருக்கிறவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று என் மருமகள் கேட்டாள்.

காரணம் கடைசியில்தான் தெரிகிறது. தகப்பனை இழந்த அந்தப் பையனைக் கெட்ட வழியிலிருந்து இழுத்து, பந்து பழக்கி, படிக்க வைத்து ஆளாக்கியதாக ஊரே கும்பிடும் ஒரு மனிதர், இளைஞர் மன்றத்தை நடத்தியவர், அவனை ஒரு காட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் கெடுத்திருக்கிறார். கொலைக்கும் அவரே காரணம். கொடுமையைத் திரையில் காட்டவில்லை. அத்தனை பெரிய ஆள் அந்த மனிதர் முன்னால் நிற்கும்போது முகம் பத்து வயசுப் பிள்ளையாகிவிடுகிறது. அதைப் பார்த்ததே போதும்.

படம் முடிந்ததும் எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அண்ணி, “ஆம்பளப் பிள்ளைக்கும் இப்படி நடக்குமா? கதைக்காக எழுதுறானுங்க” என்றார். நானும் என் பங்குக்கு, “இவ்வளவு உடம்பு இருந்தும் அப்பவே நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன். அப்படிப் பேசியதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். மகன்தான் சொன்னான்: “அப்ப அவனுக்கு உடம்பு ஏதும்மா? சின்னப் பையன். யார்கிட்ட சொல்லுவான்? ஊரே அந்த ஆளைக் கும்பிடுதே.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. பாக்கு இடிக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது. எல்லாரும் படுத்த பிறகு என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்: “ஏம்மா, நம்ம தம்பி திடலுக்குப் போகமாட்டேன்னு அழுதானே, நினைவிருக்கா?”

இருந்தது. 1983. தம்பிக்குப் பதினோரு வயது. எங்கள் தோட்டத்துத் திடலில் பையன்களுக்குக் காற்பந்து பழக்கிய ஒருவர், சப்பாத்து வாங்கிக் கொடுப்பார், டவுனுக்குப் படம் பார்க்க அழைத்துப் போவார். கிராணி முதல் தண்டல் வரை அவருக்கு மரியாதை. திடீரென்று ஒரு நாள் தம்பி போகமாட்டேன் என்றான். சப்பாத்தைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். “நல்ல மனுஷன் இலவசமா பழக்குறார், உனக்குச் சோம்பேறித்தனமா?” என்று அம்மா ரோத்தானை எடுத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டவள் நான்.

அந்த மனிதர் இறந்து பல வருடமாகிவிட்டது. என்ன நடந்தது, எதுவும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லிப் பழி போடமாட்டேன். ஒரு பிள்ளை அழுதபோது இரண்டு பெரிய மனுஷிகள் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. அதற்கு நான் சாட்சி.

இன்றைக்குக் கேட்க ஆள் இருக்கிறது. 2017-இல் நம் நாட்டில் சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்திருக்கிறது. பிள்ளையைத் தொடுவது மட்டுமல்ல, கெட்ட எண்ணத்தோடு பழகி வசப்படுத்துவதும் அதில் குற்றம். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் குற்றம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமில்லை. ‘தாலியான் காசே’ 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மகன் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஐஸ்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தம்பி வீட்டுக்குப் போனோம். அவன் லாரி ஓட்டுகிறான், தலை நரைத்துவிட்டது. (எழுதட்டுமா என்று கேட்டேன். “ஊர் பேர் போடாதே” என்றான். போடவில்லை.) சாப்பிடும்போது அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே, “அன்னிக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா தம்பி” என்றார். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. “பழசு எதுக்கும்மா, சாப்பிடு” என்று மீனில் முள் எடுத்து அம்மா தட்டில் வைத்தான். வெகுநேரம் முள் எடுத்துக்கொண்டே இருந்தான்.

புறப்படும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அக்கா, உன் பேரன் பந்து பழகப் போறானே, அங்கே யாரு பழக்குறது?”

“யாரோ நல்ல மனுஷன்னு சொன்னாங்க” என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

“எத்தனை மணிக்குன்னு சொல்லு. நான் வந்து உட்கார்ந்திருக்கேன்.”

சனிக்கிழமை நாலு மணி என்றேன். மூன்றரைக்கே வந்து திடலோரத்தில் லாரியை நிறுத்திவிட்டான்.