ஆறுக்கு ஐந்து

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் வீட்டில் எது ஆடினாலும் கழன்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நீதானே படிக்கிறே" என்பார்கள். போன மாதம் அப்படி ஒரு வேலைக்குப் போய் நான் உடைத்த ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பா கோவையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு வைஸ், பழைய டிரில்லிங் மெஷின், அரங்கள், இழைப்புளி, மூலைமட்டம். அதுதான் எங்கள் பட்டறை.

அம்மாவின் தையல் மிஷின் மேசை ஆட ஆரம்பித்தது. தீபாவளி நெருக்கத்தில் ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. பலகைக்கும் இரும்புக் காலுக்கும் நடுவே 10 மி.மீ. தடிமனுள்ள பட்டை ஒன்றை வைத்து, அதில் எம்6 மரை வெட்டி, போல்ட் போட்டு இறுக்கிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

ஓட்டையை 4.8 மி.மீ. பிட்டில் போட்டேன். ஓட்டை சின்னதாக இருந்தால் மரை ஆழமாக விழும், பிடிப்பு பலமாக இருக்கும் என்பது என் கணக்கு. டேப் பாதி இறங்கியது, முறுக முறுக இறுகியது, பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்த துண்டு பட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. டேப்பின் எஃகு கடினமானது. சாதாரண பிட்டால் அதைத் துளைத்து எடுக்க முடியாது. பட்டையும் போச்சு, அப்பா வருடக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்த செட்டில் ஒரு டேப்பும் போச்சு.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏன் கண்ணு, எந்த பிட்டு போட்டே?"

"நாலு எட்டுங்கப்பா."

"ஆறுக்கு அஞ்சு போடோணும்."

"எட்டுக்குங்கப்பா?"

"ஆறு எட்டு. பத்துக்கு எட்டரை. பன்னெண்டுக்கு பத்து ரெண்டு."

யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னார். கல்லூரியில் வைத்திருக்கும் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு எண் கூட மாறவில்லை. இத்தனைக்கும் அப்பா அந்த அட்டவணையைப் பார்த்ததே கிடையாது.

இதன் கணக்கு சுலபம்தான். போல்ட்டின் விட்டத்தில் மரைக்கு மரை உள்ள தூரத்தைக் கழித்தால் ஓட்டையின் அளவு வரும். எம்6-க்கு அந்தத் தூரம் 1 மி.மீ., ஆகவே 5. எம்8-க்கு 1.25, ஆகவே 6.75, கடையில் கிடைக்கும் பிட்டுக்கு ஏற்ப 6.8. இப்படிப் போட்டால் மரையின் முழு ஆழத்தில் ஏறக்குறைய 77 சதவீதம் கிடைக்கும். நான் போட்ட 4.8-க்கு 92 சதவீதம். அந்தக் கூடுதல் ஆழத்தால் பலம் கொஞ்சம்தான் கூடுகிறது. டேப்பைத் திருப்பத் தேவைப்படும் விசையோ மிக அதிகமாக ஏறிவிடுகிறது. அதுதான் என் டேப்பை முறித்தது.

அடுத்த பட்டைக்கு அப்பா பக்கத்தில் நின்றார். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பச் சொன்னார். பின்னால் திருப்பும்போதுதான் சுருள் உடைந்து வழிவிடும். இந்த முறை வெண்ணெய் மாதிரி இறங்கியது. பலகையில் போல்ட் நுழையும் ஓட்டைகளை மட்டும் அகலவாக்கில் கொஞ்சம் நீளமாக்கச் சொன்னார். மழைக்காலத்தில் மரம் அகலத்தில்தான் விரியும், நீளத்தில் அவ்வளவாக விரியாது. இடம் விடாவிட்டால் பலகை வெடிக்கும்.

அன்று ராத்திரி அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டு போனேன். அப்பா அதை விளக்கடியில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "எழுத்து சரியாத் தெரியலை கண்ணு. பிட்டுல இருக்கற நம்பரும் இப்பத் தெரியறதில்லை."

எனக்கு அது தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

மறுநாள் வேப்பங்கட்டை ஒன்றை இழைத்து, இரண்டு வரிசையாக ஓட்டை போட்டோம். முன்வரிசையில் டேப், அதற்கு நேர் பின்னால் அதற்கான பிட். 3-க்கு 2.5, 4-க்கு 3.3, 5-க்கு 4.2 என்று இடமிருந்து வலமாக 12 வரைக்கும். விரலால் தடவி நாலாவது ஓட்டை என்றால் எம்6, பின்னால் இருப்பது 5. வெர்னியரும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். டேப்புக்குப் பக்கத்திலேயே பிட் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் யோசனை. கட்டையில் எண்களை வெட்டியது நான்.

தையல் மேசை இப்போது ஆடுவதில்லை. அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போக அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மனப்பாடமாக அளவு சொல்லி வேலை செய்தால், அந்த எண்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே அவர்களுக்கு எழுத்து தெரிகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.