திரிசூலத்தில் இறங்கினால் கோலாலம்பூர்... கையைக் கடிக்காத முதல் நாள்!

ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘சென்னையில இருக்கேன்’ என்றால், ‘அது செங்கல்பட்டு மாவட்டமாச்சே!’ என்று திருத்துவார்கள். செங்கல்பட்டு என்று சொல்லிவிட்டாலோ, ‘அவ்ளோ தூரமா?’ என்பார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு கதை மாறிவிட்டது. ராயபுரத்துக்காரர் மதுரைக்குப் போகவேண்டும் என்றாலும் எங்கள் ஏரியாவுக்குத்தான் வரவேண்டும். அதைவிடப் பெரிய வசதி ஒன்றும் இருக்கிறது. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம், பல்லாவரம் தாண்டினால் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். டிக்கெட் 10 ரூபாயைத் தாண்டாது. ‘ஏர்போர்ட் டாக்ஸி’ என்ற செலவே நமக்குக் கிடையாது!

என் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்கள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இன்னொன்று, அம்மா போட்ட நிபந்தனை. “தனியா போறதுன்னா தமிழ் பேசுற ஊராப் பார்த்துப் போ.”

விசா வேண்டாம் என்றாலும், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசிய குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம் என்று புரிந்துகொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையில் இருக்கும் பணம் மூன்றையும் அதிகாரி கேட்கலாம். என் கவுன்ட்டரில் மூன்றையும் கேட்டார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

‘முதல்ல டூரிஸ்ட்டா போயிடு தம்பி, வேலையை அங்கே பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டுகளை நம்பி வரும் இளைஞர்களுக்குத்தான் இந்த இடத்தில் அதிகச் சிக்கல். உள்ளே போய்விட்டாலும் அந்த அனுமதியில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது கிளம்பினால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

ராத்திரி விமானம், நாலு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஆறரைக்கு இறங்கினேன் என்றால், உடம்புக்கு அது நாலு மணிதான். விடுதியில் அறை கொடுப்பதோ மதியம் இரண்டு மணிக்கு. பட்ஜெட் பயணத்தில் முதல் நாளைக் கெடுப்பது இந்த இடைவெளிதான். தூக்கக் கலக்கத்தில் டாக்ஸி, குளுகுளு மால், விலை அதிகமான காபி என்று பணம் கரையும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு அதிவேக ரயிலில் 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் சுமார் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,100 ரூபாய். பேருந்துக்கு 15 ரிங்கிட் அளவில்தான். ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிலையத்தில் விட்டுவிடுவார்கள். பேருந்துதான் என் சாய்ஸ். விடுதியில் பையை மட்டும் வைத்துவிட்டு, பல் துலக்கி, முகம் கழுவிக் கிளம்பினேன். (வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

வெயிலுக்கு முன் பத்துமலை. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரம், சில ரிங்கிட்தான் டிக்கெட். ஸ்டேஷனை ஒட்டியே கோயில். 2006-ல் திறந்த முருகன் சிலை 140 அடி. நம் சேலம் முத்துமலை முருகன் 2022-ல் 146 அடியாக எழுந்து நின்று இவரை முந்திவிட்டார். ஆனாலும், சுண்ணாம்புக்கல் மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும் கம்பீரம் இவருக்குத்தான். 272 படிகள், மூச்சு வாங்கும். குரங்குகள் கையிலிருக்கும் பையைத்தான் முதலில் பார்க்கின்றன, ஜாக்கிரதை. முழங்கால் மறையும் உடை அவசியம். பிரதான குகைக்குக் கட்டணம் இல்லை.

மதியம் பசார் செனி பக்கம் நடந்தேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மகா மாரியம்மன் கோயில், 1873-ல் தம்புசாமிப் பிள்ளை நிறுவியது. இன்னும் சற்று நடந்தால் இரண்டு ஆறுகள் சேரும் இடம். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்றுச் சங்கமம் என்றுதான் பொருள். அந்த முனையில் 1909-ல் கட்டிய ஜாமெக் மசூதி. பழைய ரயில் நிலையத்தைப் பார்த்தால் நம் எழும்பூர் ஸ்டேஷனின் தம்பி போல இருக்கிறது. எழும்பூர் 1908, இது 1910.

நடக்கும்போது பொழுதுபோக்கு, போர்டு படிப்பதுதான். மலாயில் கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘கபால்’, கட்டிலுக்கு ‘காத்தில்’. எல்லாம் நம்மிடமிருந்து போனவை.

சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரலுக்கு அடுத்த தெருக்கள். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம், பிறகு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பு. 2010-ல் ‘லிட்டில் இந்தியா’ என்று அலங்கரித்துத் திறந்து வைத்தார்கள். மல்லிகைப்பூ, பட்டுப்புடவை, ஸ்பீக்கரில் பழைய பாட்டு எல்லாம் உண்டு. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நம் பாண்டி பஜாரில் இல்லாதது எதுவும் இல்லை. நான் நேராக ஒரு மாமாக் கடையில் போய் உட்கார்ந்தேன். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்கு அங்கே அந்தப் பெயர். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்த்து ஐந்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிட்டது. ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் சொந்தக்காரர். தே தாரிக், ஆற்றிய டீ.

எதிரில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும்.

“எந்த ஊரும்மா?”

“சென்னைப் பக்கம், ஐயா. ஊரப்பாக்கம்.”

“நமக்கு முசிறி.”

“அடிக்கடி வருவீங்களா?”

“நான் பார்த்ததே இல்லையேம்மா. தாத்தா சொன்ன பேரு. ரஜூலா கப்பல்ல வந்தாரு.”

ரஜூலா 1926-ல் ஓடத் தொடங்கிய கப்பல். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை சுமார் அரை நூற்றாண்டு ஆள் ஏற்றிச் சென்றது. கங்காணிகள் சேர்த்த கூலித் தொழிலாளர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் தங்கவைத்துத்தான் கப்பலேற்றுவார்கள். ஆம், நம் ஆவடிதான்! கரை இறங்கினால் முதல் நாள் ஊர் சுற்றல் இல்லை, தனிமை முகாம். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே ரப்பர் தோட்டமோ ரயில் பாதையோ. 1938-ல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது. அதற்குள் போனவர்களில் ஊர் திரும்பாதவர்கள் ஏராளம். ஐயாவின் தாத்தா ரயில் பாதையில் வேலை செய்தவர். அவரும் திரும்பவில்லை.

“தனியாவா வந்தே? வீட்டுல விட்டாங்களா?” என்றார். தலையாட்டினேன். டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவ்வளவுதானா?” என்றார்.

பிறகு, சென்னையில் இறங்கினால் முசிறிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். கண் சரியாகத் தெரியாது, பெரிய எழுத்தில் எழுதிக் கொடு என்றார். கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். ‘திரிசூலத்தில் மின்சார ரயில். ஊரப்பாக்கத்தில் இறங்கவும். ஆட்டோவில் கிளாம்பாக்கம். அங்கே திருச்சி பஸ். திருச்சியில் நாமக்கல் போகும் பஸ், வழியில் முசிறி.’

இரண்டு தடவை படித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.